படிவத்தின் நான்காம் பக்கம்

வங்கிக்காரத் தம்பிக்குச் சேலம் பக்கம்.
நான்காம் பக்கத்தைப் பென்சிலால் சுழித்துக் கொடுத்தார்:
அடுத்த மூன்று ஆண்டுகளில் எதிர்பார்க்கும் விற்பனை,
மாதவாரியாக.
"சனிக்கிழமை காலையில கொண்டு வந்துருங்கக்கா."

ரெக்ஸ்லின் ரெடிமேட்ஸ், தங்கச்சிமடம்.
பத்துக்குப் பன்னிரண்டு அடி.
மகள் பெயரில் கடை,
மாமனார் பெயரில் கரண்ட் பில்,
என் பெயரில் கடன்.

ஏப்ரலில் தொடங்கினேன்.
ஏப்ரல் பாதியில் தடைக்காலம்.
அறுபத்தோரு நாள் படகு கரையில்.
பூஜ்யம் என்று எழுதப் போனால்
மே மாதம் புதுநன்மை இருக்கிறது,
வட்டிக்கு வாங்கியாவது வெள்ளைக் கவுன் எடுப்பார்கள்.
அப்படிக் கணக்குப் போட்டுத்தான் போன வருஷம்
மதுரை விளக்குத்தூண் போய்
நாற்பது கவுன் எடுத்து வந்தேன்,
முத்து வைத்தது பாதி, லேஸ் வைத்தது பாதி.
பங்குப் பேரவை கூடி,
எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி உடுப்பு,
சிஸ்டர்களின் தையல் பள்ளியே தைக்கட்டும் என்றது.
நல்ல முடிவு.
ஞாயிறு பூசையில் அறிவித்தபோது
நானும் தலையாட்டினேன்.
முப்பத்தேழு கவுன்
அந்துருண்டை வாசத்தோடு
மேலடுக்கில் மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது.

ஜூன் நடுவில் கடல் திறக்கும்.
முதல் பாட்டில் இறால் விழுந்தால்
மறுநாள் சாயங்காலமே நைட்டி போகும்.
கச்சான் கூடினால் டோக்கன் கிடையாது,
டோக்கன் இல்லாத வாரத்தில்
பனியன்கூட நகராது.
இரண்டு படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால்
ஊரே வேலைநிறுத்தம்.
அதை எந்த மாதத்தில் போடுவது?
கிறிஸ்துமஸ் சரக்குக்கு
ஆகஸ்டிலேயே முன்பணம் கேட்கிறார் சேட்டு.
நவம்பர் புயலுக்கு
ஆகஸ்டில் யார் இடம் விட்டு வைப்பது?

போட்டியாளர்கள் என்று ஒரு கட்டம்.
கூரியர்காரப் பையன் டெல்வின்
வீட்டில் ஆளில்லாத பார்சலையெல்லாம்
என் கல்லாவுக்குப் பின்னால்தான் வைத்துவிட்டுப் போவான்.
இருநூறு ரூபாய்க் குர்தி,
நூற்றெண்பது ரூபாய் லெக்கின்ஸ்.
வாங்க வருகிறவர்கள்
என் கடைக் கண்ணாடியிலேயே வைத்துப் பார்ப்பார்கள்.
"ஊக்கு இருக்காக்கா?"
இருக்கிறது. அட்டை பத்து ரூபாய்.
அதை வருமானத்தில் எழுதினேன்.

வெள்ளி இரவு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே வந்தாள் ஜெனிட்டா.
யாழ்ப்பாணச் சிறையில் ஏழு மாதம்.
திங்கள்கிழமை வந்து சேர்ந்துவிடுவானாம் கிளாட்சன்,
வக்கீல் சொன்னாராம்.
ஒரு சட்டை வேணும், கட்டம் போட்டது.
"சைஸ்?"
"நாப்பது போடுவாரு."
எடுத்து விரித்தேன். தொட்டுப் பார்த்தாள்.
"மெலிஞ்சிருப்பாரே."
முப்பத்தெட்டை விரித்தேன்.
"ரொம்பவும் மெலிஞ்சிருக்க மாட்டாரே."
இரண்டு சட்டையும் மேசைமேல்
கைவிரித்துக் கிடந்தன.
ஃபேனை நிறுத்தவும் மறந்து
பார்த்துக்கொண்டு நின்றேன்.
பதினோரு வருஷமாக நான் செய்கிற வேலையை
நின்ற இடத்தில் செய்துகொண்டிருந்தாள்:
கண்ணில் காணாத உடம்புக்கு
அளவு சொல்வது.

முப்பத்தெட்டை எடுத்தாள்.
பாதிக் காசு தந்தாள்.
"சேரலன்னா மாத்தித் தருவீங்களா?"
அவள் தலைக்கு மேலே
என் கையால் எழுதிய போர்டு:
விற்ற துணி மாற்றப்பட மாட்டாது.
"கொண்டா" என்றேன்.
நாற்பதை மடித்து
யாருக்கும் காட்டாமல்
கவுன் பெட்டிமேல் வைத்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு
படிவத்தை மடிக்காமல் எடுத்துக்கொண்டு
பேருந்தில் நின்றபடியே போனேன்.
முப்பத்தாறு கட்டத்தில் ஒன்பது நிரம்பியிருந்தது,
அதுவும் பென்சிலில்.
வங்கி பூட்டியிருந்தது.
இரண்டாம் சனி.
தம்பியும் காலண்டரைப் பார்க்கவில்லை போல.

வாசலில் மீன் விற்றுக்கொண்டிருந்தவள் சொன்னாள்,
"இனி திங்கக்கிழமைதான்."